ஏலமலை வழியும் இடைக்கால உலக வணிகமும்

போடிநாயக்கனூரிலிருந்து மலையை நோக்கிச் சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் குரங்கணி வரும். பேருந்துச் சாலை அங்கேயே முடிந்துவிடும். அதற்கு மேல் சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஏறுவதற்கு ஒற்றையடிப் பாதைதான். 2018 மார்ச் மாதம் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் உயிரிழந்தபோது, குரங்கணி என்னும் பெயர் முதன்முறையாக நாடெங்கும் பேசப்பட்டது. நம் முன்னோர்க்கோ அது வேறு விதத்தில் பழகிய பெயர். மலையிலிருந்து சரக்கு இறங்கும் துறை அது. கடலோரத்தார்க்குக் காயல் எப்படியோ, அப்படி மலையோரத்தார்க்குக் குரங்கணி.

ஒவ்வோர் ஆண்டும் நம் மதரஸாப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நாம் இங்கே எப்படி வந்தோம்?" பெரியவர்களிடம் இதற்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக உள்ளன. அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்தோம் என்பது ஒன்று. பாண்டியனின் குதிரைப்படையில் வந்தோம் என்பது மற்றொன்று. இரண்டுமே மன்னர்களையும் மாலுமிகளையும் பற்றிய விடைகள். இந்த மலையைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. இக்கட்டுரையில் மலையிலிருந்து தொடங்கிப் பார்க்க முயல்கிறோம்.

ஏலக்காய் உலகின் எல்லா மண்ணிலும் விளையும் பொருளன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காட்டு நிழலே அதன் பிறந்தகம். பழங்காலத்தில் அதனை வயலில் பயிரிடுவதுபோல் பயிரிடவில்லை. காட்டின் ஒரு பகுதியில் கீழ்ச்செடிகளை அகற்றி, பெருமரம் ஒன்றை வெட்டிச் சாய்ப்பர். மரம் விழுந்து மண் அதிர்ந்து, வெளிச்சம் உள்ளே புகுந்த இடத்தில் ஏலச்செடி தானே முளைத்தெழும். காய்க்கத் தொடங்க மூன்றாண்டுகளாகும். காய் முழுவதும் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆகவே பல சுற்றுகளாகக் கையால் பறித்தாக வேண்டும். ஐந்தாறு கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ சரக்கு தேறும். எடையில் குறைவு, விலையில் மிகுதி. மனிதன் முதுகில் சுமந்து மலையிறங்கிக் கப்பலேற்றி இரண்டு கடல்களைத் தாண்டினாலும் கட்டுபடியாகும் சரக்கு அது. அரபியில் அதற்கு 'ஹைல்', 'ஹால்' என்று பெயர். வடமொழி 'ஏலா'வுக்கும் தமிழ் 'ஏல'த்துக்கும் உள்ள உறவு காதுக்கே புலப்படும்.

இம்மலைச் சரக்கின் புகழ் எவ்வளவு தொலைவு சென்றது என்பதற்கு அல்-இத்ரீஸியின் நூலே சான்று. சிசிலித் தீவை ஆண்ட கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் அமர்ந்து, இந்த முஸ்லிம் புவியியலாளர் 1154இல் தம் உலக நூலை முடித்தார். மலபாரின் ஃபந்தரீனா துறையைப் பற்றி எழுதுகையில், அதன் அருகே மரமடர்ந்த உயரமான மலை ஒன்று உண்டென்றும், அங்கு ஏலம் விளைந்து பல நாடுகளுக்குச் செல்கிறதென்றும் குறிக்கிறார். அவர் குறித்தது வடமலபார்ப் பக்கத்து மலை, நம்முடைய மலையன்று. இருப்பினும் தொடர் ஒன்றே. நம் ஏலத்தின் உறவினர் 12ஆம் நூற்றாண்டிலேயே பலெர்மோ அரண்மனைவரை அறிமுகமாகியிருந்தனர் என்று சொல்வதில் பிழையில்லை.

இச்சரக்குகள் கடலேறிய துறைகளில் யார் யார் கூடினர் என்பதைக் கொல்லம் செப்பேடுகள் காட்டுகின்றன. கி.பி. 849இல், சேர மன்னன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யன் அடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு உரிமைகள் வழங்கினார். தரிசாப்பள்ளி கிறிஸ்தவர்களின் கோயில். கட்டியவர் மார் சாபீர் ஈசோ. உரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சாட்சிக் கையெழுத்துகள் மூன்று எழுத்துகளில் உள்ளன: கூஃபி அரபி, பஹ்லவி, எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகம். ஓர் இந்து அரசர் கிறிஸ்தவப் பள்ளிக்கு அளித்த கொடைக்கு முஸ்லிம்களும் சொராஷ்டிரரும் யூதர்களும் சாட்சியிட்டுள்ளனர். இதனை மதநல்லிணக்கம் என்ற இன்றைய சொல்லால் மட்டும் விளக்கிவிட நாம் விரும்பவில்லை. வணிகர்க்கு ஒருவர் மற்றவரின் கையெழுத்து தேவைப்பட்டது. நாணயம் தவறினால் அடுத்த பருவக்காற்றில் முகம் காட்ட முடியாது. தேவையிலிருந்து பிறந்த நம்பிக்கையும் நம்பிக்கைதான்.

எகிப்தின் பழைய கெய்ரோவில் யூத ஆலயம் ஒன்றின் அறையில் பல நூற்றாண்டுக் காகிதங்கள் குவிந்து கிடந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவை வெளிவந்தபோது, இந்திய வணிகக் கடிதங்களும் கூடவே வந்தன. ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகர் 1132 முதல் 1149 வரையிலான காலத்தின் பெரும்பகுதியை மங்களூரில் கழித்தவர். அஷு என்ற பெண்ணை மணந்தார். பொம்மா என்ற பணியாளர் அவருக்காக ஏடன்வரை சென்று கணக்கு முடித்துவந்தார். மிளகும் இரும்பும் பாக்கும் ஏலமும் அங்கிருந்து போயின. காகிதமும் பட்டும் சர்க்கரையும் உலர்திராட்சையும் இங்கு வந்தன. கடிதங்களின் மொழி அரபி, எழுத்தோ எபிரேயம். பெரும் பேரரசுகளின் வரலாற்றில் இடம்பெறாத பொம்மா, ஒரு கணக்குச் சீட்டில் இடம்பெற்றுவிட்டார். நமக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

இனி மலையின் கிழக்குப் பக்கம். இது பாண்டிய நாடு. போடிநாயக்கனூரில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுப் புதையலில் பாண்டியரின் மீன் சின்னம் உள்ளது. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கம்பம் பள்ளத்தாக்கு ஒதுங்கிய மூலையன்று. மதுரையையும் சேர நாட்டையும் இணைத்த வாசல். மதுரைக்குக் கிழக்கே கடற்கரையில், 13ஆம் நூற்றாண்டில், நாம் நின்று வாசிக்க வேண்டிய கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. திருப்புல்லாணிக் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகச் சாமந்தப் பள்ளிக்குப் பாண்டிய மன்னன் வரிநீக்கி நிலம் அளித்ததைக் கூறுகிறது. தீர்த்தாண்டதானக் கல்வெட்டோ, அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் பிற வணிகக் குழுக்களும் கூடி, சிவன் கோயில் திருப்பணிக்காகத் தம் சரக்கின்மேல் மகமை விதித்துக்கொண்டதைச் சொல்கிறது. மன்னன் பள்ளிவாசலுக்குக் கொடுத்ததை மேடைதோறும் எடுத்துரைக்கும் நாம், சோனகர் இடம்பெற்ற வணிகக் கூட்டம் கோயிலுக்குக் கொடுத்ததையும் அதே குரலில் சொல்ல வேண்டும்.

குதிரைக்கு வருவோம். 1290களில் காயலைக் கண்ட மார்க்கோ போலோ, ஹொர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதை எழுதுகிறார். இந்நாட்டார்க்குக் குதிரை பேணத் தெரியாததால் அவை விரைவில் மடிந்தன என்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கின்படி, கீஷ் தீவின் வணிகர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்பினார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டிய நாட்டில் அமைச்சர் பொறுப்பில் இருந்தார். குதிரைக்கான பணம் கோயில் சொத்துகளின் உபரி வருமானத்திலிருந்து கொடுக்கப்பட்டதாகவும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். தென்னாட்டுக் கோயிலும் பாரசீகக் குடாவின் வணிகரும் பாண்டியனின் படையும் ஒரே கணக்கில் வந்து நிற்கின்றன.

'இராவுத்தர்' என்ற பெயர் குதிரை வீரனைக் குறிப்பது என்பதில் ஐயமில்லை. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் முருகப்பெருமானையே அச்சொல்லால் அழைத்தார். அக்காலத்தில் அது ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய சொல்லாக இல்லை என்பது இதனால் விளங்கும். ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குதிரைப்படைத் தளபதியைத் தேடிப்பிடிப்பது வரலாறாகாது. குதிரை விற்றவர், குதிரை பேணியவர், குதிரையையே காணாமல் ஏலமூட்டை சுமந்தவர், இம்மண்ணிலேயே பிறந்து தீனை ஏற்றவர் என எல்லோரும் நம் பாட்டன்மாராக இருந்திருக்கலாம். அதில் இழிவு எதுவும் இல்லை.

பேரரசுகளின் கதை இவ்வளவு இனிமையானதன்று. 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. வணிக வழியின்மேல் பிடி வேண்டுமென்பதும் அதன் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1335 அளவில் மதுரையில் தனி சுல்தானாட்சி தோன்றி, அரை நூற்றாண்டுகூட நீடிக்காமல் விஜயநகரப் படையால் முடிந்தது. 1340களில் அங்கு வந்த இப்னு பதூதா, அன்றைய சுல்தான் கியாஸுத்தீனுக்கு மண உறவினர். இருவரும் முதல் சுல்தானின் புதல்வியரை மணந்தவர்கள். அப்படியிருந்தும், சிறைப்பிடித்த மக்களையும் பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கொன்றதைக் கண்டு அருவருத்து, வேறெந்த அரசரிடமும் காணாத கொடுமை என்று எழுதிவைத்தார். நம் சமயத்தார் ஆண்ட காலம் என்பதற்காக அதனை மறைத்து எழுதும் வழக்கம் நம் மலர்களில் உண்டு. அந்தச் சுல்தானின் விருந்தாளியான முஸ்லிம் அறிஞரே மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

குரங்கணிக்கு மேலுள்ள மலைகளில் வாழும் முதுவர் மக்கள், மதுரையிலிருந்து வெளியேறி வந்தவர்கள் தாங்கள் என்று கூறுவர். தெய்வத்தையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் ஆயினர் என்பது அவர்களின் வழிவழிக் கூற்று. பூஞ்சாறு அரச குடும்பமும் தன்னைப் பாண்டியர் கிளை என்றே சொல்லிக்கொள்கிறது. சமவெளியில் அரசுகள் மோதியபோதெல்லாம் மலை அடைக்கலம் கொடுத்தது. அங்கே சென்றவர்களே காட்டையும் ஏலத்தையும் அறிந்தவர்கள் ஆயினர்.

அதே இப்னு பதூதா மலபார்ச் சாலையைப் பற்றி எழுதியது, நம் மலையோரத்தார்க்கு மிகவும் பழக்கமான காட்சி. அங்கு அரசரைத் தவிர எவரும் குதிரையேறுவதில்லை. சரக்கனைத்தும் கூலிக்கு அமர்த்திய ஆட்களின் முதுகில்தான் போகும். ஒரு வணிகருக்குப் பின் நூறு சுமையாட்கள் செல்வதையும் காணலாம் என்கிறார். வழியில் தண்ணீர்ப் பந்தல்கள் இருந்தன. இந்துக்கள் பாத்திரத்தில் பருகினர். முஸ்லிமுக்குக் கையில் ஊற்றினர். நட்பும் விலக்கும் ஒரே பந்தலில் இருந்தன. குரங்கணிப் பாதையில் தலைச்சுமையும் பொதிமாடும் சென்ற காலத்தை நேரில் கண்ட முதியவர்கள் நம் ஊரில் அண்மைக்காலம் வரை இருந்தனர்.

1498இல் போர்ச்சுக்கீசியர் கோழிக்கோட்டில் இறங்கிய பின், கடலுக்கே அனுமதிச்சீட்டு கேட்கும் காலம் வந்தது. அந்தத் துயரத்தைப் பொன்னானி அறிஞர் ஜைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' நூலில் பதிவு செய்தார். பின்னர் திருவிதாங்கூர் அரசு ஏலத்தைத் தன் ஏகபோகமாக்கியது. 1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையை மன்றோ குத்தகைக்குப் பெற்றார். தேயிலை வந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி அடிவாரத்துக்குக் கம்பிவடப் பாதை அமைந்தது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை ஓடிய சிறு ரயிலை 1924ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றது. 1928இல் போடிக்கே ரயில் வந்தது. 2010இல் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டு 2023இல் மீண்டும் ஓடத் தொடங்கியது.

இன்று அரபு நாடுகளில் விருந்தினருக்கு ஊற்றப்படும் கஹ்வாவில் மணக்கும் ஏலத்தின் பெரும்பகுதி நம் மலையினுடையதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட செடி, அந்நாட்டை உலகின் முதன்மை ஏற்றுமதி நாடாக்கிவிட்டது. அங்கு மழை பொய்த்ததா, விளைச்சல் பெருத்ததா என்று விசாரித்த பிறகே, போடி வியாபாரி சாக்கை வைத்திருப்பதா விற்பதா என்று முடிவு செய்கிறார்.

நம் ஜமாஅத்தார் இல்லங்களில் பழைய ஏலக்காய்க் கணக்கேடுகள், தரகுச் சீட்டுகள், சுமைகூலிப் பட்டியல்கள் இருப்பின், கரையான் தின்னுமுன் அவற்றைப் படியெடுத்துப் பள்ளிவாசல் நூலகத்துக்கு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மூலத்தைத் திருப்பித் தந்துவிடுவோம். முதலாளி பெயர் உள்ள பக்கத்தைவிடச் சுமையாட்களின் பெயர் உள்ள பக்கமே எங்களுக்கு முதலில் வேண்டும்.