கோதுமை சேராத பண்டிகை பிஸ்கட்: ஒரு அடுப்படி வரலாறு

இந்த மலருக்கு ஆளுக்கொரு வரலாற்றுக் கட்டுரை எழுதணும் என்று செயற்குழுவில் முடிவு பண்ணியபோது, சேமிப்பு, வங்கிக் கடன், சுழல்நிதி பற்றியெல்லாம் எழுத ஆட்கள் இருந்தார்கள். நான் அடுப்படி வரலாற்றை எடுத்துக்கொண்டேன். கோதுமையும் மைதாவும் இல்லாமல் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டை வீட்டிலேயே சுடுவது எங்கே இருந்து வந்தது, யாருக்கு அது அவசியம், அதை நாம் விற்பனைக்குச் செய்யும்போது எதற்குப் பயப்படணும் என்பதுதான் விஷயம். நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக்கும் இந்தக் கதைக்கும் நிறையத் தொடர்பு உண்டு. படித்துப் பாருங்கள்.

மாவுக்குள் இருக்கும் பசை

சப்பாத்தி மாவை ஒரு உருண்டை எடுத்து, பாத்திரத் தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்து பிசைந்து கழுவிப் பாருங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துக்கொண்டே போகும். கடைசியில் கையில் ரப்பர் மாதிரி இழுபடுகிற ஒன்று மிச்சம் நிற்கும். அதுதான் குளூட்டன் என்கிற புரதம். லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பசை என்று பொருள். இத்தாலியின் பொலோனியா நகரில் பெக்காரி என்ற அறிஞர் இதே மாதிரி மாவைக் கழுவிப் பார்த்துப் பசையைப் பிரித்தார். அவருடைய கட்டுரை 1745-ல் அச்சானது. பரோட்டா மாவை வீசி விரிக்க முடிவதும், ரொட்டி பொங்கி நிற்பதும் இந்தப் பசையால்தான். அரிசியிலும் கேழ்வரகிலும் கம்பிலும் சோளத்திலும் இது கிடையாது. கோதுமையிலும் பார்லியிலும் உண்டு. ஐரோப்பாவில் விளையும் ரை என்ற தானியத்திலும் உண்டு.

பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பசை ஒன்றும் செய்யாது. ஆனால் உலகத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு 'சீலியாக்' என்ற நோய் இருப்பதாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். குளூட்டன் உள்ளே போனால் அவர்களுடைய உடம்பே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வயிறு உப்பும், வயிற்றோட்டம் நிற்காது, இரத்தசோகை வரும், பிள்ளைகள் வளர்ச்சி குன்றிப் போவார்கள். நம் நாட்டில் கோதுமை அதிகம் சாப்பிடும் வடக்கில் இது கூடுதல், தெற்கில் குறைவு. குறைவு என்பதாலேயே இங்கே சட்டென்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பஞ்சத்தில் கிடைத்த விடை

இந்த நோய்க்குக் காரணம் கோதுமை என்று கண்டுபிடித்தவர் நெதர்லாந்து நாட்டின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. தி ஹேக் நகரில் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அதுவரைக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் வாழைப்பழமாகக் கொடுத்து வந்த காலமும் உண்டு. ரொட்டியை நிறுத்தினால் தன் பிள்ளைக்குத் தேவலையாகுது என்று ஒரு தாய் சொன்னதுதான் 1930-களில் டிக்கேயின் யோசனையை அந்தப் பக்கம் திருப்பியது என்று மருத்துவ வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாயின் பேர் பாடப் புத்தகத்தில் இல்லை. நம்ம சங்கதி எப்பவும் அப்படித்தானே.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45. நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு வராமல் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. சனங்கள் டியூலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட அவித்துத் தின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அந்தக் கொடுமையிலும் சீலியாக் பிள்ளைகள் தேறி வந்தார்கள். போர் முடிகிற நேரத்தில் ரொட்டி திரும்பவும் வந்ததும் அவர்கள் மறுபடி படுத்துக்கொண்டார்கள். தன் சந்தேகம் சரிதான் என்று டிக்கேக்கு உறுதியானது. 1950-ல் இதை ஆய்வேடாகக் கொடுத்தார். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் சார்லட் ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவரும் கூட்டாளிகளும் 1952-ல் வெளியிட்ட ஆய்வு, கோதுமை மாவில் கேடு செய்வது குளூட்டன்தான் என்று காட்டியது.

1658-ல் நம்ம தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்து ஆண்டவர்களும் இதே நாட்டு டச்சுக்காரர்கள்தான். ஆனால் பிஸ்கட் கதையில் நமக்கு அவர்களைவிடப் போர்ச்சுக்கீசியர்தான் முக்கியம்.

மாவே இல்லாத பிஸ்கட்

கோதுமை இல்லாத பண்டிகை பிஸ்கட்டை ஏதோ இப்ப வந்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். யூதர்கள் பஸ்கா நாட்களில் புளித்த மாவைத் தொட மாட்டார்கள். அதனால் பாதாமை அரைத்து, முட்டை வெள்ளையும் சீனியும் சேர்த்துச் சுட்ட மக்ரூன் அவர்களுடைய பண்டிகைப் பலகாரமானது. இத்தாலியின் சியன்னா ஊரில் கிறிஸ்துமஸுக்குச் சுடுகிற ரிச்சரெல்லி இதே கூட்டுதான். ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு சுடுகிற இலவங்கப்பட்டை நட்சத்திரமும் பாதாமும் முட்டை வெள்ளையும்தான். நோய்க்காக இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பாதாமும் சீனியும் விலை கூடின பொருள். அதனால் வருசத்துக்கு ஒரு தடவை, பண்டிகைக்கு மட்டும் செய்தார்கள்.

நம்ம தூத்துக்குடி மக்ரூனை யோசித்துப் பாருங்கள். முந்திரி, முட்டை வெள்ளை, சீனி. வேறு ஒன்றும் கிடையாது. போர்ச்சுக்கீசியர் காலத்து வழக்கம் என்று ஊரில் சொல்லுவார்கள். பாதாம் இருந்த இடத்தில் இங்கே முந்திரி வந்து உட்கார்ந்தது. நாம் கொல்லாங்கொட்டை என்று சொல்லும் அந்த முந்திரியையும் 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்தான். ஊர்ப் பெருமைக்காக வெளியூருக்கு வாங்கிக் கொடுத்துவிடுகிற அந்தக் கூம்பு மிட்டாய், சீலியாக் பிள்ளைகளுக்கும் ஏற்ற பண்டம். செய்கிற இடத்தில் மைதா தூசி படாமல் இருக்கணும், அவ்வளவுதான்.

மைதா நம் வீட்டுக்கு வந்த வழி

கோவில்பட்டி, எட்டையபுரம், விளாத்திகுளம் கரிசலில் கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் சாப்பாடு. பண்டிகை என்றால் அரிசி மாவில் அதிரசம், முறுக்கு. கோதுமை நம் மண்ணின் பயிர் இல்லை. 1954-ல் அமெரிக்கா பி.எல். 480 என்ற சட்டம் போட்டது. 1956-ல் இந்தியா ஒப்பந்தம் போட்டு அந்தக் கோதுமையை வாங்கத் தொடங்கியது. ரேஷன் கடை வழியாகக் கோதுமை தெற்குக்கும் வந்தது. "ரேசன்ல கோதுமைய அளந்து போடுவான், அத என்ன செய்யன்னே தெரியாது, கோழிக்குப் போட்டோம்" என்று எங்க ஆச்சி சொல்லும். பசுமைப் புரட்சிக்குப் பிறகு கோதுமை நம் நாட்டிலேயே பெருகியது. மைதாவும் மலிந்தது. கலகலாவும் கேக்கும் எளிதாயின. அச்சுமுறுக்கில் மொறுமொறுப்புக்கு ஒரு பிடி, முந்திரிக்கொத்தின் மேல் மாவில் ஒரு பிடி என்று மைதா பழைய பலகாரத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது.

மகளிர் குழு என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கியது. அது கேழ்வரகு விளைகிற மண். 1997-98-ல் அது மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்க விரிந்தது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் நம் குழுக்களுக்குக் கேழ்வரகு பிஸ்கட், கம்பு லட்டு என்று ஆர்டர் வரத் தொடங்கியது. விட்டுப்போன தானியம் தொழிலாகத் திரும்பி வந்திருக்கிறது.

வீட்டில் சுடும் முறை

மக்ரூன்: முட்டை வெள்ளை 2, முந்திரித் தூள் 100 கிராம், பொடித்த சீனி 100 கிராம். பாத்திரத்தில் எண்ணெயோ மஞ்சள் கருவோ ஒரு சொட்டு இருந்தாலும் வெள்ளை பொங்காது. கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடித்து, சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கணும். முந்திரித் தூளைக் கரண்டியால் மெதுவாகக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, அடுப்பில் 100 முதல் 110 டிகிரிச் சூட்டில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் உலர்த்துவது போலச் சுடணும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் வெளியே சிவந்து உள்ளே ஒட்டும்.

கேழ்வரகு பிஸ்கட்: கேழ்வரகு மாவு 100 கிராம் (பச்சை வாசம் போக லேசாக வறுத்து ஆறவைத்தது), அரிசி மாவு 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், உடன்குடி கருப்பட்டித் தூள் 90 கிராம், முட்டை 1, ஏலம், சுக்கு கொஞ்சம். பசை இல்லாத மாவு உதிரும். அதிரசத்துக்குப் பாகு பிடிக்கிற மாதிரி இதற்கு முட்டை பிடிக்கும். பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். வட்டமாகத் தட்டி 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். அடுப்பு இல்லாதவர்கள் கனத்த பாத்திரத்தில் உப்பு பரப்பி, நடுவில் வளையம் வைத்து, மூடிச் சிறு தீயில் 20, 25 நிமிடம் சுடலாம். ஆறும் வரை தட்டிலிருந்து எடுக்கக் கூடாது, நொறுங்கிவிடும். கருப்பட்டி சேர்த்ததால் சர்க்கரை வியாதிக்காரர் இஷ்டத்துக்குத் தின்னலாம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம்.

பாக்கெட்டில் என்ன எழுதுவது?

எங்க குழுவில் ஒரு சகோதரியின் மகளுக்கு ஏழு வயதில் சீலியாக் என்று தெரிந்தது. அதற்கு முந்தின ரெண்டு வருசம் பூச்சி மருந்து, கசாயம், பார்வை என்று ஓடியிருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையிலும் குடல் சோதனையிலும்தான் விவரம் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து பலகாரத் தட்டு வரும்போது அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது எனக்கா, இது எனக்கா?" என்று கேட்கும். முறுக்கைக் கூட அம்மா கொடுக்க மாட்டாள். அதுதான் எங்களுக்குப் புரியவில்லை. "அரிசி முறுக்குதானே, மைனி?" என்றேன். "பெருங்காயம் போட்டிருப்பீங்கல்லா" என்றாள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள், பாக்கெட்டைப் படித்தால் தெரியும். நாம் விற்கிற சத்துமாவில் கோதுமை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, மாவு மில்லில் முன்னால் ஒருத்தர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால், நம் கேழ்வரகிலும் அது கலந்துதான் வரும்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு கண்காட்சிக்குப் பிஸ்கட் ஆர்டர் வந்தது. "குளூட்டன் இல்லாதது" என்று பாக்கெட்டில் அச்சடித்தால் கூடுதல் விலை போகும் என்று கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை, மைதா சேர்க்காமல்தானே செய்கிறோம் என்பதுதான் பேச்சு. அந்தச் சகோதரி எழுந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்தப் பாக்கெட்ட எம் பிள்ளைக்கு நான் நம்பிக் குடுக்கலாமா?" யாரும் வாய் திறக்கவில்லை.

விசாரித்தபோது சட்டமும் அதையேதான் கேட்கிறது என்று தெரிந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, அப்படி அச்சடிக்க வேண்டுமென்றால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில்தான் சோதிக்கணும். அதனால் நாங்கள் முடிவு பண்ணினோம்: சோதனை செய்யாதவரை அந்த வார்த்தை வேண்டாம். என்னென்ன சேர்த்தோம் என்று பட்டியல் மட்டும் போடுவோம். பொதுமில்லில் அரைத்த மாவு என்றால் அதையும் எழுதுவோம். அந்த வருசம் விலை கொஞ்சம் குறைவாகத்தான் கிடைத்தது. அது பெரிய நட்டமாக எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளைக்காகத் தனியாக ஒரு ஏற்பாடு செய்தோம். தானியத்தைக் கழுவி உலர்த்தி, வீட்டு மிக்சியில் அரைத்து, தனிச் சல்லடை, தனித் தட்டு, தனிக் கரண்டி. மைதா பலகாரம் செய்கிற நாளில் அதைச் செய்வதில்லை, மாவுத் தூசி காற்றில் நிற்கும்.

சகோதரிகளுக்கு என் வேண்டுகோள் மூன்று. நோய் இல்லாதவர்கள் பயந்து கோதுமையை விட வேண்டியதில்லை. பிள்ளைக்குச் சந்தேகம் இருந்தால் நாமாகக் கோதுமையை நிறுத்திவிடாமல் முதலில் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள், நிறுத்திய பிறகு சோதித்தால் நோய் சரியாகத் தெரியாமல் போகலாம். மூன்றாவது, அடுத்த கிறிஸ்துமஸுக்கோ தீபாவளிக்கோ ரம்சானுக்கோ பலகாரத் தட்டு கொடுத்துவிடும்போது, அந்த வீட்டில் கோதுமை ஆகாதவங்க யாரும் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.