சோமாலியரின் தந்தைவழி, தாய்வழி மரபணுப் பின்னணி

ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையில், ‘ஆப்பிரிக்கக் கொம்பு’ என்று வழங்கும் நிலப்பகுதியில் வாழும் மக்கள் சோமாலியர். சோமாலியா, சோமாலிலாந்து, ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் ஒகாடென், கென்யாவின் வடகிழக்கு ஆகிய இடங்களில் பரவியுள்ள இவர்களின் தொகை இரண்டு கோடிக்கு மேல். இவர்கள் பேசும் சோமாலி, ஆப்ரோ-ஆசிய மொழிக் குடும்பத்தின் குஷித்தியக் கிளையைச் சேர்ந்தது. பெரும்பாலோர் சன்னி முஸ்லிம்கள். வறண்ட புல்வெளியில் ஒட்டகமும் ஆடும் மேய்த்து இடம்விட்டு இடம் பெயர்ந்தவர்கள் என்பதால், ஒருவரை இன்னார் என்று அறிய ஊரைவிடக் குலமே உதவியது.

அந்தக் குலங்களின் தோற்றக் கதைகளில் தந்தை கடல் கடந்து வந்தவர். தாய் அந்த மண்ணின் மகள். 2005 முதல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் இதை ஏறக்குறையத் தலைகீழாகக் காட்டுகின்றன. தந்தைவழி பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலேயே வேர்விட்டது. ஆசியாவோடு தொடர்புடைய மரபுகள் கூடுதலாகத் தெரிவது தாய்வழியில்தான்.

கொடிவழியும் கதையும்

சோமாலியக் குழந்தைகள் சிறு வயதிலேயே தந்தை, தந்தையின் தந்தை, அவருக்குத் தந்தை என்று பல தலைமுறைப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லப் பழகுகிறார்கள். இதற்கு ‘அப்திர்சி’ என்று பெயர். ஒருவரின் முழுப்பெயரே ஒரு சிறிய கொடிவழிதான்: தன் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர். திருமணமான பெண்ணும் கணவன் பெயரை ஏற்பதில்லை, தன் தந்தை, பாட்டன் பெயர்களோடுதான் வாழ்ந்து முடிக்கிறாள். அறிமுகமில்லாத இருவர் பெயர்களை அடுக்கிச் சொல்லி, எந்தத் தலைமுறையில் இரு கிளைகளும் கூடுகின்றன என்று கண்டுகொள்வார்கள். இது வெறும் பெருமைக்கான பாடம் அல்ல. கொலைக்கு ஈடாக இரத்தப் பணம் யார் யார் சேர்ந்து கொடுக்க வேண்டும், யார் யார் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்தது. மானிடவியலாளர் ஐ. எம். லூயிஸ் 1961-இல் வெளியிட்ட ‘எ பாஸ்டரல் டெமாக்ரசி’ என்ற நூல் இந்த அமைப்பை விரிவாகப் பதிவு செய்தது.

தாரோத், இசாக், திர், ஹாவியே, ரஹன்வெய்ன் ஆகியவை பெருங்குலங்கள். தாரோத் குலத்தின் மூதாதை அரேபியாவிலிருந்து வந்த, தாரோத் என்று அழைக்கப்பட்ட ஷேக் அப்திரஹ்மான் என்பார்கள். இசாக் குலத்தார் தம்மை ஷேக் இசாக்கின் வழிவந்தவர்கள் என்பார்கள். ஷேக் இசாக்கின் அடக்கத்தலம் என்று போற்றப்படும் இடம் வடக்குக் கடற்கரையில் மைத் என்னும் ஊரில் இருக்கிறது. இன்னும் மேலே ஏறினால் தாரோத் கொடிவழி நபிகளாரின் ஒன்றுவிட்ட சகோதரர் அகீல் வரை போய்ச் சேரும்.

தாய்மாருக்கும் கதையில் இடம் உண்டு. தாரோத் மணந்தது திர் குலத்துப் பெண் தொம்பிரா. ஷேக் இசாக்கின் மனைவியரில் ஒருத்தி உள்ளூர் மகாத்லே குலத்தவள், மற்றொருத்தி எத்தியோப்பியப் பெண். இசாக் குலம் இன்றும் ஹபர் மகாத்லே, ஹபர் ஹபூஷெத் என்று அந்தத் தாய்மாரின் பெயரால்தான் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. எல்லாவற்றையும் தந்தைவழியிலேயே எண்ணும் ஒரு சமூகம், கிளை பிரியும் இடத்தில் மட்டும் தாயின் பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது.

தந்தைவழி: ஒய் குரோமோசோம்

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. போகும் வழியில் எப்போதாவது ஒரு சடுதி மாற்றம் நேர்ந்தால், அது அந்த ஆணின் ஆண் வாரிசுகள் அனைவரிடமும் அடையாளமாகத் தங்கிவிடும். இப்படிப் பொது அடையாளம் கொண்ட மரபுகளை ‘ஹாப்ளோகுழு’ என்கிறார்கள். அப்திர்சி வாயால் செய்வதை ஒய் குரோமோசோம் உடலில் செய்கிறது என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை ஆய்வாளர்களுக்கு எழுந்ததில் வியப்பில்லை.

இத்துறையின் முதல் பெரிய ஆய்வு வந்தது கோபன்ஹேகனிலிருந்து. 1991-இல் சோமாலியாவில் சியாத் பர்ரே அரசு கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டபின் ஆயிரக்கணக்கான சோமாலியர் ஸ்காண்டிநேவிய நாடுகளில் தஞ்சம் புகுந்தார்கள். தந்தைமை, உறவுமுறை வழக்குகளைக் கையாண்ட கோபன்ஹேகன் தடய மரபியல் ஆய்வகத்துக்கு அவர்களைப் பற்றிய ஒப்பீட்டுத் தரவு தேவைப்பட்டது. சான்செஸ் குழுவினர் 201 சோமாலிய ஆண்களைச் சோதித்து 2005-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 77.6 விழுக்காட்டினர் அன்று இ3பி1 என்று குறிக்கப்பட்ட, இன்று இ-எம்78 எனப்படும் ஒரே மரபைச் சேர்ந்தவர்கள். யூரேசிய மரபுகள் ஏறத்தாழ 15 விழுக்காடு. சகாராவுக்குத் தெற்கே பரவலான பிற மரபுகள் 5 விழுக்காடு அளவில்தான்.

ஒரு பெரிய இனத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட ஆண்கள் ஒரே மரபில் அடங்குவது அடிக்கடி காணக்கிடைப்பதன்று. இ-எம்78 பிறந்தது வடகிழக்கு ஆப்பிரிக்காவில், எகிப்தை ஒட்டிய பகுதியில் என்பது 2007-இல் குருசியானி குழுவினர் கண்ட முடிவு. அதன் தெற்கு நோக்கிய கிளை இ-வி32. சோமாலியர் பெரும்பாலும் இந்தக் கிளைக்காரர்கள். இதே கிளை ஒரோமோ மக்களிடமும் சூடானின் சில இனங்களிடமும் உண்டு. எத்தியோப்பியாவிலும் வட கென்யாவிலும் வாழும் ஒரோமோக்களே தந்தைவழியில் சோமாலியருக்கு மிக நெருங்கியவர்கள் என்றும், இந்த மரபு சோமாலியருக்குள் வந்து சேர்ந்தது 4000 முதல் 5000 ஆண்டுகளுக்கு முன்பு என்றும் கோபன்ஹேகன் குழு கணித்தது. இஸ்லாம் தோன்றியே 1400 ஆண்டுதான் ஆகிறது; கதையின் ஷேக்குகள் அதற்குப் பின்பே வந்திருக்க முடியும்.

அரேபியத் தீபகற்பத்தில் மிகுதியாகக் காணப்படும் ஆண்வழி மரபு ஜே1. தாரோதும் இசாக்கும் நபிகளாரின் குலமான அரேபியக் குறைஷி வழியினர் என்பது ஆண்வழியில் அப்படியே உண்மையானால், இன்றைய சோமாலிய ஆண்களிடம் ஜே1 மேலோங்கியிருக்க வேண்டும். அது சிறுபான்மையாகவே இருக்கிறது. இதைக்கொண்டு அப்படி ஒரு ஷேக் வரவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிறு குழுக்கள் வலுவான குலத்தில் அடைக்கலம் புகுந்து, காலப்போக்கில் அதன் மூதாதையையே தம் மூதாதையாக ஓதத் தொடங்குவது மேய்ச்சல் சமூகங்களில் வழக்கம். மூதாதை ஒருவராக இருந்து, அவர் பெயரைச் சொல்பவர்கள் பல வழியினராக இருக்கலாம்.

இதே இந்தியப் பெருங்கடல் கரையில், தெற்கே கென்யா, தான்சானியா பக்கம் நேர் எதிரான முடிவு கிடைத்தது சுவையானது. சுவாஹிலி நகரத்தார் தம் முன்னோர் பாரசீகத்தின் ஷிராஸிலிருந்து வந்ததாகச் சொல்லிவந்ததை வரலாற்றாசிரியர்கள் பலர் வெறும் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிட்டிருந்தார்கள். 2023-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த பழங்கால மரபணு ஆய்வு, இடைக்காலக் கல்லறைகளில் கிடைத்தவர்களின் ஆசிய வழி பெரும்பாலும் பாரசீக ஆண்களிடமிருந்தும் ஆப்பிரிக்க வழி பெரும்பாலும் பெண்களிடமிருந்தும் வந்திருப்பதைக் காட்டியது. ஆக, கடல் கடந்து வந்த மூதாதை என்ற கதை ஒரு கரையில் இரத்தத்தில் தெரிகிறது, பக்கத்துக் கரையில் அவ்வளவாகத் தெரியவில்லை. கதையை மட்டும் கேட்டு எது எது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

சோமாலியரின் இரண்டாவது ஆண்வழி மரபு டி-எம்184. கோபன்ஹேகன் ஆய்வில் இது 10.4 விழுக்காடு. இதன் வேர் மேற்காசியாவில். இது எல்லாக் குலங்களிலும் சீராக விரவியிருக்கவில்லை; எத்தியோப்பியாவின் திரே தாவா பகுதியிலும் ஜிபூட்டியிலும் சோதிக்கப்பட்ட திர் குலத்து ஆண்களிடம் இதுவே பெரும்பான்மை. தாரோத் கதையில் பெண் கொடுத்த உள்ளூர்க் குலம் எது என்று நினைவிருக்கும். அதே திர் குலத்தார்தான் ஆண்வழியில் ஆசிய வேர் அதிகம் கொண்டவர்கள்.

தாய்வழி: மைட்டோகாண்ட்ரியா

மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாயிடமிருந்து பிள்ளைகள் அனைவருக்கும் போகிறது, ஆனால் மகள் வழியாக மட்டுமே தொடர்கிறது. மிக்கெல்சன் குழுவினர் 190 சோமாலியரிடம் இதைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 60.5 விழுக்காடு சகாராவுக்குத் தெற்கே வேர்கொண்டவை. அவற்றுள் அதிகம் தென்பட்டவை எல்0ஏ1டி, எல்2ஏ1எச், எல்3எஃப் என்ற கிளைகள். ஆண்வழியில் ஒரே மரபு முக்கால் பங்கைப் பிடித்துக்கொண்டதுபோல இங்கே எதுவும் ஆதிக்கம் செலுத்தவில்லை. பல சிறு கிளைகள் கலந்து நிற்கின்றன.

மீதியில் யூரேசிய வேர் கொண்ட மரபுகள் வருகின்றன. முக்கியமானது எம்1. எம் என்னும் பெருங்கிளை தென்னிந்தியாவிலும் பெரும்பான்மைத் தாய்வழி என்பதால், தமிழ் வாசகர் பலருக்கும் சோமாலியப் பெண்கள் சிலருக்கும் மிகத் தொலைவில் ஒரு பொதுத் தாய் இருக்கிறாள். ஆனால் பிரிவு பல பத்தாயிரம் ஆண்டுப் பழமை உடையது. இதை வைத்து உறவு கொண்டாட ஒன்றும் இல்லை. ஒலிவியெரி குழுவினர் 2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரைப்படி, எம்1 மேற்காசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குத் திரும்பியது 40,000 முதல் 45,000 ஆண்டுகளுக்கு முன்பு. அத்தனை காலம் ஆப்பிரிக்காவில் தங்கிவிட்ட மரபை அரேபியப் பாட்டி என்று அழைப்பது பொருந்தாது. செங்கடலின் இரு கரைகளிலும் காணப்படும் ஆர்0ஏ போன்றவை அதைவிடப் பிந்திய போக்குவரத்தின் தடங்கள்.

தாய்வழி இப்படி விரிந்திருப்பதற்கும் தந்தைவழி குறுகியிருப்பதற்கும் திருமண வழக்கம் ஒரு காரணமாகலாம். வடக்கு மேய்ச்சல்காரர்கள் நெருங்கிய தந்தைவழிக் கிளைக்குள் பெண் எடுப்பதில்லை. வேறு கிளையில், முடிந்தால் வேறு குலத்தில் எடுத்து அதன்மூலம் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் கூட்டாளிகளைத் தேடிக்கொள்வார்கள். ஆண் தன் கிளையிலேயே இருக்கிறான், பெண் இடம் மாறுகிறாள். மந்தை பெருத்த ஆண் பல மனைவியரை மணந்து நிறைய மகன்களைப் பெற்றால், அவன் ஒருவனின் ஒய் குரோமோசோம் சில தலைமுறைகளில் ஒரு குலமாகிவிடும்.

முழு மரபணுத்தொகை

ஒய்யும் மைட்டோகாண்ட்ரியாவும் இரண்டு ஒற்றைக் கோடுகள்தாம். பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 1024 மூதாதையர் இடங்கள் உண்டு. இவை இரண்டும் அவர்களில் இருவரைப் பற்றி மட்டுமே பேசும். மற்றவர்களை அறிய முழு மரபணுத்தொகையைப் பார்க்க வேண்டும். 2020-இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சோமாலியரின் மரபணுவில் கிழக்கு ஆப்பிரிக்கப் பங்கு 60 விழுக்காடு, மேற்கு யூரேசியப் பங்கு 40 விழுக்காடு என்றது.

இந்த 40 எப்போது வந்தது என்பதில்தான் கருத்து மோதல். பகானி குழுவினர் 2012-இல் எத்தியோப்பியப் பகுதி மக்களை ஆராய்ந்து, கலப்பு ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முந்தியது என்றார்கள். ஹாட்ஜ்சன் குழுவினர் 2014-இல் ‘எத்தியோ-சோமாலி’ என்று பெயரிட்ட ஒரு கூறைப் பிரித்துக் காட்டி, அது வேளாண்மைக்கு முன்பே ஆசியாவிலிருந்து திரும்பிவந்தது என்று வாதிட்டார்கள். எலும்புகளிலிருந்து எடுத்த பழைய டி.என்.ஏ. வந்தபின் படம் சற்றுத் தெளிந்தது. எத்தியோப்பியாவின் மோட்டா குகையில் கிடைத்த 4500 ஆண்டுப் பழமையான மனிதரிடம் யூரேசியக் கலப்பு இல்லை. தான்சானியாவின் லுக்ஸ்மாண்டாவில் கிடைத்த 3100 ஆண்டுப் பழமையான மேய்ச்சல்காரரிடம் லெவன்ட் (மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை) பகுதியின் ஆதி விவசாயிகளோடு தொடர்புள்ள பங்கு ஐந்தில் இரண்டுக்கு அருகில் இருந்தது. மாடும் ஆடும் ஓட்டி வந்தவர்களோடு வடக்கிலிருந்து வந்த வழி இது என்பதை 2019-இல் பிரெண்டர்காஸ்ட் குழுவினர் கென்யா, தான்சானியா எலும்புகளைக் கொண்டு மேலும் உறுதிப்படுத்தினார்கள்.

சோமாலியர் லுக்ஸ்மாண்டா மனிதரின் நேர் வழியினர் அல்லர். ஸ்கோக்லண்ட் குழுவினர் 2017-இல் பொருத்திப் பார்த்த மாதிரியில், அவர்களுக்கு லுக்ஸ்மாண்டா வகையோடு, தெற்கு சூடானின் திங்கா மக்களை ஒத்த பங்கும், ஈரானின் புதிய கற்கால மக்களை ஒத்த 16 விழுக்காடும் தேவைப்பட்டன. இந்தக் கடைசிப் பங்கு பிற்காலத்தில் அரேபியா வழியாக வந்ததாகலாம். ஷேக்குகளின் கதைக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சுவது இங்கேதான்.

ஒட்டகப் பால் குடித்து வாழ்ந்த சமூகத்தின் மரபணுவில் பாலும் தடம் பதித்திருக்கிறது. எத்தியோப்பியாவில் வாழும் 107 சோமாலிய ஒட்டக மேய்ப்பர்களை ஆராய்ந்து 2009-இல் வெளிவந்த கட்டுரை, வளர்ந்தபின்னும் பாலின் லாக்டோஸைச் செரிக்க உதவும் மாற்றம் அவர்களிடம் ஒன்றல்ல, பல என்று கண்டது. ஐரோப்பாவில் ஒரே மாற்றம் பரவியிருக்க, இங்கே ஒரே இனத்துக்குள் வெவ்வேறு வழிகளில் அதே திறன் வந்து சேர்ந்திருக்கிறது. அவற்றில் ஒன்று அரேபிய ஒட்டகக்காரர்களிடமும் உண்டு.

ஆய்வின் எல்லை

மேலே சொன்னவை பெருங்குலங்களைச் சேர்ந்தவர்களையே பெரும்பாலும் பேசுகின்றன. 19-ஆம் நூற்றாண்டு அடிமை வணிகத்தில் இன்றைய தான்சானியா, மொசாம்பிக் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த சோமாலிய பாண்டுக்கள், மொகதிஷு, பராவே போன்ற பழைய துறைமுகங்களின் பெனாதிரிகள், தென்கோடித் தீவுகளின் பஜூனிகள் ஆகியோரின் பின்னணி வேறு. இவர்களும் சோமாலியக் குடிமக்களே.

இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத ஒரு முயற்சி பிரிட்டனில் நடந்தது. சோமாலியர் என்று சொல்லித் தஞ்சம் கேட்பவர்கள் உண்மையில் அண்டை நாட்டினரா என்று அறிய, அந்நாட்டு எல்லைக் காவல் அமைப்பு 2009-இல் ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. வாயிலிருந்து எடுத்த மாதிரியில் ஒய், மைட்டோகாண்ட்ரியா சோதனைகளும், முடியிலும் நகத்திலும் ஐசோடோப்புச் சோதனையும் செய்வது ஏற்பாடு. டி.என்.ஏ. கைரேகை முறையைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரிஸ் உட்பட மரபியலாளர்கள் பலர் எதிர்த்தார்கள். சோமாலியருக்கு மிக நெருங்கிய ஆண்வழி உறவினர் எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒரோமோக்கள். எல்லைக்கு இப்பால் இருக்கும் பாண்டு சோமாலியர் மரபணுவில் தான்சானியரைப் போலத் தெரிவார். கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று குரோமோசோம் சொல்லாது. திட்டம் 2011-இல் கைவிடப்பட்டது.