உப்பளமும் நிழற்படமும்

நெய்தல் நிலத் தொழில்களுள் உப்பு விளைத்தல் மிகப் பழமையானது. உழவின்றி விளைந்த உப்பை நெல்லுக்கு மாற்றாக விலை கூறிச் செல்லும் உமணர் மகளை அம்மூவனார் அகநானூற்றின் 140ஆம் பாட்டில் காட்டுகின்றார். சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. அக்கடற்கரையில் உப்பளங்கள் இன்றும் பரந்து கிடக்கின்றன. அன்று புலவர் சொல்லாற் செய்த பணியை இன்று நிழற்படக் கருவியும் செய்கின்றது. ஆவண நிழற்படம் கலையா, சமுதாய விழிப்புக்கான கருவியா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்படுகின்றது. இரண்டையும் வேறாக்கி வினவுதல் பொருந்தாது என்பதைத் தமிழக வரலாறு கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லும் உடலும்

தமிழகத்தில் இக்கலை முதலில் கல்லை நாடியது. சென்னை அரசின் நிழற்படக்காரராக அமர்ந்த லின்னீயஸ் டிரைப் 1858ஆம் ஆண்டில் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய ஊர்களைப் படம்பிடித்தார். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக அவர் இணைத்தார். பெரும்பாலான படங்களில் மனிதர் இலர். இருப்பினும் கட்டடத்தின் அளவைக் காட்டவே நிற்கின்றனர். வீண்செலவு எனக் கருதி அரசு 1859இல் அப்பணியை நிறுத்த முற்பட்டது.

அடுத்து வந்தது உடல். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். படை அலுவலரான வில்லோபி வாலஸ் ஹூப்பர் எலும்புந் தோலுமாய் நின்றோரைக் குழுக்களாக அமர்த்திப் படமெடுத்தார். ஒளியும் அமைப்பும் குறைவற்றவை. ஆயினும் பசித்தோரைப் படம்பிடித்தபின் உணவளியாது விடுத்தார் என்னும் பழி அவர்மீது எழுந்தது. 1886இல் மண்டலை நகரில், சுட்டுக்கொல்லப்படுவோரின் இறுதிக் கணத்தைப் படத்தில் பதிப்பதற்காகத் தண்டனை நிறைவேற்றத்தைத் தாழ்த்தினார் என்ற குற்றச்சாட்டில் விசாரணை நடைபெற்று, அவர் கண்டிக்கப்பட்டார். கைத்திறன் மிக்க கண், எதிரே நிற்பவரை உயிராகக் காணாதொழிதல் கூடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. எனினும் அப்பஞ்சப் படங்களே இன்று அவ்வாட்சியின் கொடுமைக்குச் சான்றாக நிற்கின்றன. எடுத்தவர் கருத்தைக் கடந்தும் படம் பேசும் என்பது ஈண்டு உணரத்தக்கது.

உடன்நிற்கும் கண்

நோக்கு மாறியது இருபதாம் நூற்றாண்டில். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைப் படம்பிடித்த சுனில் ஜானா, பி. சி. ஜோஷியுடன் ஊர்தோறும் சென்று, மக்கள் துயரை மக்களிடமே கொணர்ந்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் உழைக்கும் பெண்களைப் படமெடுத்துக் காட்சியாக வைத்தார். பஞ்சப் படம் பசித்தோரைக் காட்டியது. இவை உழைப்போரைக் காட்டின. இரக்கத்திற்குரியவராக அன்றி, செய்தொழில் வல்லவராகப் பெண்கள் இப்படங்களில் தோன்றுகின்றனர்.

சாய்நாத் 2014இல் தொடங்கிய 'பாரி' என்னும் ஊரக ஆவணகத்தின் வழியாக அறியப்பட்டவர் மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமார். தூய்மைப் பணியாளர் இறப்புகளையும், கடற்பாசி எடுக்கும் பெண்களையும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரையும் அவர் படம்பிடித்துள்ளார். தயாநிதா சிங் - பாரி ஆவண நிழற்பட விருது 2022இல் முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நிழற்படப் பயிற்சியும் அவர் அளித்துள்ளார். படத்திற்குப் பொருளாக நின்றோர் கையிலேயே கருவி சேர்வது இவ்வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம்.

மரக்காணம் தரும் அளவுகோல்

இனி மரக்காணத்தை நோக்குவோம். உப்பளம் காட்சிக்கு எளிதில் இணங்குவது. வெண்குவைகள், வானம் தோன்றும் பாத்திகள், தலைச்சுமையுடன் வரப்பில் நடக்கும் பெண்கள்: தொலைவினின்று நோக்குவார்க்கு இவை அழகிய ஓவியம். ஆனால் உப்பு ஒரு கணத்தில் விளைவதன்று. பாத்திகளைச் சேறு மிதித்துச் செம்மை செய்தல், உவர்நீரைப் பாய்ச்சுதல், வெயிலிலும் காற்றிலும் அது செறியக் காத்திருத்தல், விளைந்ததை வாரிக் கரை சேர்த்தல் எனப் பல நாள் உழைப்பின் முடிவே அவ்வெண்குவை. உப்பில் நின்று பாதம் வெடிக்கின்றது. வெண்பரப்பில் தெறிக்கும் ஒளியாற் கண் நோகின்றது. வடகிழக்குப் பருவமழை தொடங்கின் தொழில் நிற்கும், கூலியும் நிற்கும். கண்ணைக் கூசவைக்கும் அதே ஒளிதான் படத்துக்கு அழகு தருகின்றது என்பதை மறத்தல் ஆகாது.

ஆதலின் இத்தொழிலுக்குத் தனிப்படம் போதாது, படத்தொடரே வேண்டும். குவையைக் காட்டும் படத்தருகே பாதத்தைக் காட்டும் படமும், கோடையின் பாத்தியருகே மழைநாளின் வெறும்பாத்தியும் அமைதல் வேண்டும். எவற்றை எவ்வரிசையில் வைப்பது என்னும் தேர்வே இங்குக் கலை. அத்தேர்வு பிழைபடின் உழைப்பு மறைந்து அழகு மட்டுமே எஞ்சும். உப்பளத்துப் படத்தில் அழகு குற்றமன்று. உழைத்தவரை மறைக்கும் அழகே குற்றம். அம்மூவனார் பாட்டிலும் உமணர் மகள் அழகியே. ஆயினும் அவள் விற்கும் உப்பு எவ்வாறு விளைந்தது என்பதைப் புலவர் சொல்லாது விட்டாரல்லர்.