தாது வருஷத்துக் கஞ்சியும் செஞ்சிச் சீமையும்

செஞ்சின்னு சொன்னதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வர்றது தேசிங்குராஜா, அவனோட குதிரை, ராஜகிரி மலை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம் பிடித்த ஒரே கோட்டை இதுதான். சந்தோஷம். ஆனா 1714ல் தேசிங்கு செத்ததோட, மிஞ்சிப் போனா 1761ல் பிரெஞ்சுக்காரங்க கோட்டையை வெள்ளைக்காரன்கிட்ட விட்டதோட நம்ம சரித்திர ஆர்வம் முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் அந்த மலையடிவாரத்துல மனுஷங்களே இல்லையா என்ன?

சரி, விஷயத்துக்கு வருவோம். தாது வருஷப் பஞ்சம். 1876ல் மழை பொய்த்தது. 1878 வரைக்கும் சென்னை மாகாணம் செத்துப் பிழைத்தது. செஞ்சி அப்போ தென்னாற்காடு ஜில்லா. ஏரியையும் கிணற்றையும் நம்பின வானம் பார்த்த பூமி. ஏரி வறண்டதும் கூலிவேலை நின்னது. ஜனங்க மூட்டை முடிச்சோட கிளம்பிட்டாங்க. புதுச்சேரி, சென்னை, கப்பலேறி இலங்கையின் காப்பித் தோட்டம்... எங்கே கஞ்சி கிடைக்கும்னு கேள்விப்பட்டாங்களோ அங்கே.

பசிக்குப் பின்னாடியே காலரா வந்தது. அம்மை வந்தது. 1877ல் மட்டும் சென்னை மாகாணத்துல காலராவுக்குப் பலியானவர்கள் கணக்கில் வந்தவரை மூன்றரை லட்சத்துக்கும் மேல். கூட்டம் கூட்டமா நடந்தவங்களோட நோயும் நடந்து போச்சு.

அரசாங்கம் என்ன செஞ்சது? நிவாரண வேலை. ரோடு போடு, கால்வாய் வெட்டு, கூலி வாங்கு. சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து அந்தக் கூலியையும் வெட்டினார். நாளுக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்கும் குறைவு) தானியம் வாங்கற அளவு, மேலே கொஞ்சம் காசு. மாகாண சுகாதார அதிகாரி கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு இது பத்தாதுன்னு சண்டை போட்டார். சும்மா கிடைத்தால் ஜனங்க சோம்பேறியாயிடுவாங்கங்கிற பயம் சர்க்காருக்கு. (இந்தப் பயம் இன்னிக்கும் போகலை!)

இந்த இடத்துலதான் சாமி பேரால் உதவினவங்க வர்றாங்க. அதே தென்னாற்காட்டில், வடலூரில் 1867 மே 23ந்தேதி வள்ளலார் மூட்டிய அடுப்பு, பஞ்சம் வருவதற்கு ஒன்பது வருஷம் முன்னாடியே எரிய ஆரம்பிச்சுடுச்சு. என்ன சாதி, என்ன மதம்னு கேட்காத அடுப்பு. இன்னிக்கும் அணையலை.

செஞ்சிக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்குள் சேத்துப்பட்டு. (சென்னைச் சேத்துப்பட்டு இல்லைங்க.) அங்கே பாரிஸ் சபையின் டாரஸ் சாமியார். 1916ல் சாகும்வரை இந்தப் பக்கத்து ஜனங்களோடவே இருந்தவர். பஞ்ச காலத்துல இவர்கிட்ட ஞானஸ்நானம் வாங்கினவங்க ஆயிரக்கணக்கில். பெரும்பாலும் சேரி ஜனங்க. 'அரிசிக்காக மாறினவங்க'ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சிடறவங்க உண்டு. பசியைப் பயன்படுத்தினாங்களா என்ற கேள்வி நியாயமானது. அதைத் தவிர்க்கவே கூடாது. ஆனா அதுக்கு ஜோடியா இன்னொரு கேள்வியும் இருக்கு. அந்த அரிசியை ஊர் ஏன் கொடுக்கலை? கிணற்றுப் பக்கமே விடாத ஊரைவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்ட இடத்துக்கு ஒருத்தன் போனால், அவன் வாங்கினது அரிசி மட்டும்தானா?

எனக்கு முக்கியமா படறது வேற ஒண்ணு. 1877ல் லண்டனில் மேன்ஷன் ஹவுஸ் நிதின்னு ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினாங்க. அதைப் பிரிச்சுக் கொடுத்த உள்ளூர்க் கமிட்டிகளில் அதிகாரிகளோட, ஊர்ப் பெரியவர்களோட பாதிரிமார்களும் இருந்தாங்க. அந்தப் பணம் கஞ்சித்தொட்டிக்கு மட்டும் போகலை. விதை நெல், உழவு மாடு, கூரை வேய ஓலைக்கும் போனது. நெசவாளர்களுக்கு நூல் கொடுத்து, நெய்த துணியை வாங்கிக்கிற ஏற்பாடும் அந்தப் பஞ்சத்துல நடந்தது. கஞ்சி உயிரைக் காப்பாத்தும். நூலும் மாடும் அவனை மறுபடி அவன் காலில் நிக்க வைக்கும்.

அன்னிக்கு இலங்கைக்குப் போனவங்க கதை அங்கேயே முடியலை. 1983 கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு அகதிகளா வந்தவங்களில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். பஞ்சத்துல இங்கேயிருந்து போனவங்களோட வாரிசுகள்! ஒரு காலத்துல தோட்டத்துக்குப் போற கூலிகளை நோய்க்காகத் தடுத்து வைத்த மண்டபம் முகாம்தான் பின்னாடி அகதி முகாம் ஆச்சு.

நம்ம விழுப்புரம் மாவட்டத்திலேயே, கடற்கரைப் பக்கம் கீழ்புத்துப்பட்டில் அப்படி ஒரு முகாம் இருக்கு. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது பெயிண்டிங், கொத்துவேலைன்னு தினக்கூலியை நம்பியிருந்த முகாம் ஜனங்களுக்கு வேலை ஒரே நாளில் நின்னது. தமிழக முகாம்களில் 1990லிருந்து வேலை செய்யும் ஏசு சபையின் அகதிகள் பணி மாதிரி அமைப்புகளுக்கும் அதே பழைய கேள்விதான். அரிசி மூட்டை எத்தனை நாளைக்கு? தையல் மிஷின், தொழில் பயிற்சி, பிள்ளைகள் படிப்பு... இதுதான் அந்தக் கால நூலும் மாடும். 2021 ஆகஸ்டில் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பேரை 'மறுவாழ்வு முகாம்'னு மாத்தியது. பேர் மாறியது நல்லது. வாழ்வும் மாறணும்.

அடுத்த முறை ராஜகிரி ஏறினால் உச்சியிலிருந்து கோட்டையை மட்டும் பார்க்காதீங்க. கீழே தெரியற ஏரிகளையும் பாருங்க. உங்க வீட்டுப் பெரியவங்க தாது வருஷம் பத்தி ஏதாவது சொல்லிக் கேட்டிருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. புத்தகத்துல வராத சரித்திரம் அங்கேதான் கிடக்கு.