பாண் பறித்த பருந்து

லண்டனிலிருந்து ஒக்ஸ்ஃபோர்ட்டுக்கு எம்40 நெடுஞ்சாலையில் போனால் மேலே பாருங்கள். செம்மண் நிறத்தில், மீன்வால் போலப் பிளந்த வாலுடன் ஒரு பெரிய பறவை வட்டமிடும். அதன் பெயர் ரெட் கைட். "செம்பருந்து" என்று சொன்னால் அம்மம்மா ஊரில் பார்த்த வெள்ளைத்தலைக் கருடனை நினைப்பார். இது அதற்குச் சொந்தம்தான், ஆனால் வேறு பறவை.

1500ஆம் ஆண்டளவில் லண்டனுக்கு வந்த வெனிஸ்காரர் ஒருவர் இந்தப் பருந்துகளைப் பற்றி எழுதினார். பிள்ளைகளின் கையிலிருந்த வெண்ணெய் பூசிய பாணையே அவை பறித்துப் போகுமாம். ஆனாலும் யாரும் அவற்றைக் கொல்லவில்லை. வீதியில் கிடந்த அழுகலைத் தின்று நகரத்தைச் சுத்தமாக வைத்திருந்தது அவைதானே!

பிறகு மனிதர் மனம் மாறியது. 1566இல் வந்த சட்டம் பயிருக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் கேடு என்று கருதிய விலங்குகளையும் பறவைகளையும் கொல்பவர்களுக்குக் காசு கொடுக்கச் சொன்னது. பருந்தின் தலைக்கும் விலை வந்தது. பின்னாளில் பணக்காரர் பொழுதுபோக்காகச் சுடுவதற்கு ஃபெசன்ட் கோழிகளை வளர்த்தார்கள். அவற்றின் குஞ்சுகளைத் தூக்கிவிடும் என்று சொல்லி, காவல்காரர்கள் பருந்தைப் பொறியாலும் துவக்காலும் நஞ்சாலும் அழித்தார்கள். 19ஆம் நூற்றாண்டு முடியுமுன் இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வேல்ஸ் மலைகளில் மட்டும் சில சோடிகள் தப்பின. அங்கேயும் ஆபத்து விடவில்லை. பறவை அரிதானதும், அதன் முட்டையைச் சேகரிப்பவர்களுக்கு ஆசை கூடியது. 1903இல் கூடுகளைக் காப்பதற்கென்றே ஒரு குழு அமைந்தது.

1989இல் புது முயற்சி தொடங்கியது. சுவீடனிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் குஞ்சுகளைக் கொண்டுவந்து ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் பறக்கவிட்டார்கள். இன்று பிரித்தானியாவில் ஆயிரக்கணக்கான சோடிகள் வாழ்கின்றன. இதற்கிடையே ஸ்பெயினின் சில பகுதிகளில் இந்தப் பருந்து குறைந்துபோனது. அதனால் 2022இல் இங்கிலாந்துக் குஞ்சுகள் ஸ்பெயினுக்குப் போயின. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்த மாதிரி!

ஆனால் ஆபத்து இன்னும் தீரவில்லை. சட்டத்தை மீறி நஞ்சு தடவிய இறைச்சியை வைப்பவர்கள் இருக்கிறார்கள். எலி மருந்து தின்ற எலியைத் தின்றாலும் பருந்து சாகும்.

500 வருடமாகப் பருந்து அதே பருந்துதான். செத்ததைத் தின்கிறது, வட்டமிடுகிறது. அதைத் துப்புரவாளன் என்றதும், கள்வன் என்றதும், அழகு என்றதும் மனிதர்கள்தான். ஒவ்வொரு முறையும் அதன் உயிர் அந்தச் சொல்லில்தான் தொங்கியது.