கருணைத்தொகையும் இழப்பீடும்: திருவனந்தபுரத்து நிகழ்வு ஒன்றை முன்வைத்து

தொழிலிடத்தில் உறுப்பையோ உயிரையோ இழந்தோர்க்கு மனமிரங்கி அளிப்பது கருணைத்தொகை. அளிக்கக் கடமைப்பட்டது இழப்பீடு. ‘ஈடு’ என்னும் சொல் சமன் என்னும் பொருளது. ஆகவே, இழப்பீடு என்பது கொடையன்று, உரிமையாகும்.

இவ்வுரிமைக்குப் பிரித்தானிய இந்தியாவில் வடிவம் தந்தது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அது 1924 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. வேலையின் காரணமாக வேலையின்போது நேரும் விபத்திற்கு, முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்காமலேயே ஈடு கோரலாம் என்பது அதன் அடிப்படை. முதன்மை முதலாளியின் வழமையான தொழிலைச் சார்ந்த பணியாயின், ஒப்பந்ததாரரின் ஆளும் அம்முதலாளியிடமே ஈடு கோரலாம் என 12ஆம் பிரிவு வகுத்தது. மரண இழப்பீட்டை ஆணையரிடம் செலுத்துதல் வேண்டும் என்றது 8ஆம் பிரிவு.

2024 ஜூலை 13 அன்று, திருவனந்தபுரம் தம்பானூர் இரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டார். 15ஆம் நாள் அவரது உடல் கிடைத்தது. தோட்டைத் தூய்மை செய்வது எவர் பொறுப்பு என்பதில் இரயில்வேயும் மாநகராட்சியும் முரண்பட்டன. கேரள அரசு அவர்தம் தாயாருக்கு 10 இலட்சம் ரூபாய் அறிவித்தது.

அத்தொகை துயர்துடைப்பு நிதி. அரசின் முடிவால் வருவது. ஈடோ கேட்டுப் பெறுவது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. எனினும், பொறுப்பாளர் எவர் என்னும் வினா விடைபெறாதவரை, தொழிலாளியின் குடும்பம் உரிமையுடையதாயினும் கருணையையே எதிர்நோக்கி நிற்க நேரும்.