ஓலையும் மணியும்: இல்லக் காதணிக் கைவினையின் தொன்மை குறித்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

தமிழர்தம் அணிகலன்களைப் பற்றி இதுகாறும் எழுந்துள்ள ஆராய்ச்சிகளுள் பெரும்பாலன பொன்னையும் முத்தையும் ஒன்பான் மணிகளையும் பொருளாகக் கொண்டவை. அரசர் கொடுத்தனவும், கோயில் பெற்றனவும், கடல்வழிச் சென்றனவும் அவற்றுள் விரிவாகப் பேசப்படுகின்றன. இல்லத்தின் ஒருபுறத்தே இருந்து மகளிர் தம் கையால் மணி கோத்தும் சுருள் சுற்றியும் மண் பிசைந்தும் செய்யும் எளிய காதணிகளோ ஆராய்வார் கருத்தை ஈர்த்தில. விலை குறைந்தது வரலாற்றிலும் குறைந்தது என்னும் எண்ணமே இதற்குக் காரணம் போலும்.

அவ்வெண்ணம் பொருந்தாது என்பதும், காதணியின் பழமையான வடிவங்கள் இவ்வெளிய பொருள்களிலேயே தோன்றின என்பதும், பொன்னணி அவற்றைப் பின்பற்றி எழுந்தது என்பதும் யாம் இக்கட்டுரையில் நிறுவ முயல்வன. சொற்சான்று, அகழ்வுச் சான்று, கல்வெட்டுச் சான்று, இன்றைய வழக்கு ஆகிய நான்கும் முறையே ஆராயப்பெறும். இன்றைய வழக்கிற்கு யாம் கொண்ட நிலைக்களன் கிருட்டினகிரி மாவட்டத்து உத்தனப்பள்ளி. ஓசூரினின்று இராயக்கோட்டை செல்லும் வழியில் உள்ள இவ்வூரைச் சூழ்ந்த பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கு வழங்குகின்றன. அதனாற் பெறும் பயன் பின்னர் விளங்கும்.

2. சொற்சான்று

காதணியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் தலையாயவை குழை, தோடு, ஓலை என்பன. இம்மூன்றும் முதற்கண் மரஞ்செடிகளின் உறுப்புப் பெயர்கள் என்பது எண்ணத்தக்கது. தொல்காப்பியனார் மரபியலில் புல்லினத்து உறுப்புகளைத் தொகுத்துரைக்குமிடத்துத் தோட்டினையும் ஓலையினையும் வைத்தார். மரத்து உறுப்புகளைத் தொகுக்குமிடத்துக் குழையினை வைத்தார். புறக்காழ் உடைமையாற் பனையும் தெங்கும் புல்லினத்தின்பாற்படும் என்பது அந்நூல் கற்றார் அறிந்ததே. எனவே, தோடும் ஓலையும் பனையின் உறுப்பாகவும் மகளிர் செவியின் அணியாகவும் ஒருங்கே வழங்கின எனல் வேண்டும்.

குழை என்னும் சொற்குத் துளை என்னும் பொருளும் உண்மையின், காதின் துளை பற்றியே அணிக்கு அப்பெயர் வந்தது என்பாரும் உளர். அக்கருத்துத் தள்ளத்தக்கதன்று. ஆதலின் குழை என்னும் ஒரு சொல்லைக் கொண்டு யாம் முடிவு கூற முந்துகின்றிலேம். ஆயின், தோடு, ஓலை என்னும் இரண்டிற்கும் அவ்வாறு வேறு வழி காட்டல் அரிது.

அண்டை மொழிகள் இதனை மேலும் வலியுறுத்துகின்றன. கன்னடத்தில் ‘ஓலெ’ என்பது பனையோலைக்கும் காதணிக்கும் ஒருங்கே பெயர்; காதணியைக் ‘கிவியோலெ’ என்றலும் அம்மொழி வழக்கு. தெலுங்கில் ‘கம்ம’ என்பது பனையோலையையும், ஓலையில் எழுதிய முடங்கலையும், காதணியையும் உணர்த்தும். இன்று தமிழகமெங்கும் பயிலும் ‘கம்மல்’ என்னும் சொல் இத்தெலுங்குச் சொல்லின் வழிவந்ததாகும். வடமொழியிலும் ‘தாடங்கம்’, ‘தாடபத்திரம்’ என்னும் காதணிப் பெயர்கள் பனையைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையன. ஒலியால் வேறுபட்ட ஓலை, தோடு, கம்ம என்னும் சொற்கள் ஒரே பொருள் மாற்றத்தை அடைந்துள்ளமை தற்செயலாக நிகழ்ந்திராது. இந்நிலப்பரப்பின் மகளிர் ஓலையைச் சுருட்டிச் செவியில் அணிந்த வழக்கமே இதன் அடிப்படை என்க.

அவ்வழக்கம் எத்தகையது என்பதும் ஈண்டுக் கூறற்பாலது. ஓலை நறுக்கினை இறுகச் சுருட்டிக் காதின் துளையிற் செருகினால், அது தன் இயல்பால் விரிய முயலும். அதனால் அணி நழுவாது நிற்பதோடு துளையும் சிறிது சிறிதாகப் பெருகும். செவியை வளர்க்கும் கருவியும் அதனை அழகு செய்யும் அணியும் ஒன்றாய் அமைந்த இடம் இது. பின்னர்ப் பொற்கொல்லர் வட்டமாகச் செய்த தோடு இவ்வோலைச் சுருளின் வடிவினைப் பொன்னில் வார்த்ததே எனல் தகும்.

சிற்பநூலார் வழக்கும் இதற்கு அரணாகும். தெய்வத் திருமேனிகளின் குண்டலங்களை வகுத்துக் கூறுவோர் அவற்றுள் ஒன்றனைப் பத்திரகுண்டலம் என்பர். பத்திரம் என்பது இலை. 1914-இல் வெளிவந்த தம் சிற்பக்கலை நூலில் கோபிநாதராவும் இவ்வகையினை எடுத்துக்காட்டியுள்ளார். ஆடவல்லான் செப்புத் திருமேனிகளில் இரு செவியும் வெவ்வேறு அணி பெற்றிருத்தலை யாவரும் கண்டிருப்பர். வலச்செவியின் மகரக்குழை ஆண்பாற்கும் இடச்செவியின் தோடு பெண்பாற்கும் அறிகுறி. திருஞானசம்பந்தர் முதற்பதிகத்தின் முதற்சொல்லே தோடு என்பதாதலும் நினைக்கத்தகும். பனையில் விளைந்த எளிய அணி, ஏழாம் நூற்றாண்டிற்குள் இறைவன் செவிவரை ஏறிவிட்டது.

3. அகழ்வுச் சான்று

ஓலை மண்ணில் அழிந்துபடும். மணியும் சுடுமண்ணும் அழியா. ஆகலின் சொற்சான்று நின்ற இடத்திலிருந்து அகழ்வுச் சான்று தொடர்கின்றது.

நொய்யற் கரையிலுள்ள கொடுமணல் 1985 முதல் அகழப்பெற்ற இடம். பதிற்றுப்பத்தின் 67, 74-ஆம் பாடல்களில் அணிகலத் தொழிலுக்குப் பேர்பெற்றதாகக் கூறப்படும் கொடுமணம் என்னும் ஊர் இதுவே என்பது அறிஞர் துணிபு. பளிங்கு, பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம் ஆகியவற்றால் இயன்ற மணிகள் ஆங்கு உடைத்த நிலையிலும் தீட்டிய நிலையிலும் துளையிட்ட நிலையிலும் முற்றுப்பெற்ற நிலையிலும் கிடைத்துள்ளன. முற்றுப்பெறாத மணியே ஆராய்வார்க்கு அரிய சான்று. முடிந்த மணி வணிகத்தாலும் வந்திருக்கலாம். துளையிடும்போது பிளந்த மணியோ அவ்விடத்தே ஒரு கை தொழில் செய்தது என்பதனை ஐயமறக் காட்டும். பச்சைக்கல் அண்மையிலுள்ள படியூரிலும் நீலக்கல் சிவன்மலைப் புறத்தும் கிடைத்தன. சூதுபவளத்தின் மூலக்கல் கூர்ச்சர நாட்டினின்று வந்ததாகக் கருதுவர். ஒரு கல்லறையில் மட்டும் சூதுபவள மணிகள் இரண்டாயிரத்துக்கு மேல் வைக்கப்பட்டிருந்தன.

கல்மணியிலும் எளிதிற் செய்யத்தக்கது கண்ணாடி மணி. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் நிகழ்த்திய அகழ்வும், 1989 முதல் 1992 வரை நிகழ்ந்த அகழ்வும் அவ்வூரை மணித்தொழிலின் பெருநிலையமாகக் காட்டின. உருகிய கண்ணாடியைத் துளையோடு கூடிய நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் சிறு துண்டங்களாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்குதல் அத்தொழிலின் முறை. இவ்வாறு செய்த மணிகள் கீழ்க்கடல் கடந்து தென்கிழக்காசிய நாடுகள் வரை சென்று பரவின. ஆந்திர நாட்டுப் பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை நம் காலம் வரையில் கைவிடப்படாது நின்றமையை மணியாராய்ச்சியாளர் பதிவு செய்துள்ளனர்.

காதணியை நேரிற் காட்டுவன சுடுமண் வட்டுகள். விளிம்பைச் சுற்றிப் பள்ளம் அமைந்த இவ்வட்டுகளைக் காதின் துளையிற் செருகினால் மடலின் தசை அப்பள்ளத்தில் அமர்ந்து அணியைப் பற்றிக்கொள்ளும். கீழடியில் பொன்னணிகளோடு சுடுமண் காதணிகளும் கிடைத்துள்ளன. பொன் அணிந்தாரும் மண் அணிந்தாரும் ஓரூரில் வாழ்ந்தனர் என்பதும், அணியும் விருப்பம் இருவர்க்கும் ஒன்றே என்பதும் இதனாற் புலனாம். பட்டினப்பாலையில், முற்றத்தே உலரும் நெல்லைக் கவர வந்த கோழியைத் தன் பொற்குழையால் எறிந்த மகளின் செல்வத்தைப் புலவர் வியந்தார். மண்குழை அணிந்து அந்நெல்லைக் குற்றிய மகளைப் பாடுவார் அரியர். அவள் விட்டுச் சென்ற வட்டு மட்டுமே நமக்குக் கிடைத்துள்ளது.

4. கல்வெட்டுச் சான்று

மதுரைக்காஞ்சி சங்கு கடைவாரையும் மணிக்குத் துளையிடுவாரையும் அடுத்தடுத்து நிறுத்திக் கூறுகின்றது. ஆண்டு அவர்கள் நகரத்துத் தொழிலாளராகத் தோன்றுகின்றனர். முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகளிலோ அத்தொழில் கணக்கில் ஏறுகின்றது. அணிகளின் பொன்நிறை, முத்துகளின் வகை, அவற்றின் எண்ணிக்கை, உள்ளிட்ட அரக்கு முதலாயின நுணுக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கோயிற் பணியாளர் நிரலில் மணிகளைத் தைத்து அமைக்கும் இரத்தினத்தையான் ஒருவனுக்கும் பங்கு வகுக்கப்பட்டுள்ளது.

இக்கணக்கில் இரண்டு செய்திகள் கருதற்பாலன. ஒன்று, பொன்னை நிறுத்த அளவுகள் மஞ்சாடியும் குன்றியும் ஆதல். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இவ்விரண்டும் சிறுமியர் பொறுக்கிக் கோத்து விளையாடும் செவ்விதைகள். வறியவளின் மணியே வேந்தன் பொன்னுக்கு எடைக்கல்லாயிற்று. மற்றொன்று, பங்கு பெற்றவன் ஆண்மகன் ஆதல். கோயிலிற் கோத்தல் தொழில்; அதற்குக் கூலி உண்டு; பெயரும் உண்டு. இல்லத்திற் கோத்தலோ எக்கல்லிலும் ஏறவில்லை. ஏறாமையைக் கொண்டு அஃது இல்லை எனல் அளவைக்கு ஒவ்வாது. கணக்கெழுதுவார் அதனைத் தொழிலாகக் கருதவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

5. உத்தனப்பள்ளி வழக்கு

ஓசூர்ப் பகுதி 1970-களில் தொழிற்பேட்டையாக வளரத் தொடங்கிற்று. 1980-களில் கைக்கடிகார ஆலையும் 1990-களில் பொன்னணி ஆலையும் ஆங்கு எழுந்தன. அண்மை ஆண்டுகளில் உத்தனப்பள்ளியை அடுத்து மின்னணுக் கருவிகளின் உறுப்புகள் செய்யும் பேராலை அமைந்து, இளமகளிர் பலர் அதன்கண் பணிபுரிகின்றனர். நுண்ணிய உறுப்பைப் பிழையின்றிப் பொருத்தும் கையும் கண்ணும் ஆண்டு ஊதியம் பெறுகின்றன.

அவ்வூரில் யாம் கண்ட ஓர் இல்லத்தில், மாமியும் மருகியுமாக இருவர் காதணி செய்துகொண்டிருந்தனர். முனை பரந்த மெல்லிய கம்பியிற் கண்ணாடி மணிகளைக் கோத்து, மறுமுனையைச் சிறு குறட்டால் வளையமாக வளைத்து, செவியில் மாட்டும் கொக்கியோடு பிணைத்தல் ஒருவகை. வண்ணக் காகித நறுக்கினை ஊசியிற் சுற்றிச் சுருளாக்கிப் பசையிட்டு மெருகு பூசுதல் மற்றொரு வகை. களிமண்ணைப் பிசைந்து வடிவமைத்து, நிழலில் உலர்த்திச் சுட்டு, வண்ணந் தீட்டுதலும் தெரியும் என்றனர். மூன்றிலும் அருமை ஒன்றே: இரண்டு செவிக்கும் உரியவை நிறத்தாலும் எண்ணாலும் நிறையாலும் ஒத்திருத்தல் வேண்டும்.

செய்பொருளின் பெயரை வினவினோம். மருகி ‘கம்மல்’ என்றாள். மாமியார் ‘ஓலெ’ என்றார்; அவர் பிறந்தவீட்டு மொழி கன்னடம். அடுத்த வீட்டு மூதாட்டி ‘கம்மலு’ என்று தெலுங்கிற் கூறினார். மூவரும் பனையின் பெயரையே சொன்னார்கள் என்பதனை யாம் எடுத்துரைத்தபோது அவர்கள் நகைத்தனர். அந்தக் காகிதச் சுருளைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எமக்கு நகை தோன்றவில்லை. பண்டைய ஓலைச் சுருள் பொருள் மாறி அங்கே கிடந்தது. சுடுமண் அணி கீழடியின் வழியது. கோத்த மணி கொடுமணலின் வழியது. நூல்வழியாற் கல்லாது, கைவழியாகவும் தேவைவழியாகவும் அவ்வில்லம் தொன்மையான மூன்று பொருள்களையும் மீட்டும் அடைந்திருந்தது.

இத்தொழிலில் நாளொன்றுக்கு எத்துணைப் பொழுது செல்லும் என வினவியதற்கு, “இதெல்லாம் ஒரு வேலையா ஐயா? சும்மா இருக்கிற நேரத்துல கை பாட்டுக்குச் செய்யுது” என்றார் மாமியார். தஞ்சைக் கல்வெட்டில் யாம் கண்ட வெற்றிடத்திற்கு இவ்விடையே உரையாகும். கணக்கெழுதுவார் விட்டதனைச் செய்வாரும் விட்டுவிடுகின்றனர்.

தமிழகத்தில் மணி கோத்தலை வெளிப்படையான வாழ்தொழிலாகக் கொண்டோர் நரிக்குறவர். வாக்ரி மொழி பேசும் இவர்தம் மகளிர் ஊசிமணியும் பாசிமணியும் கோத்து ஊர்தோறும் விற்றலை யாவரும் அறிவர். 2023-இல் இவர்கள் தமிழகப் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். இவர்தம் மணிப்பெயர்களும் கோப்பு முறைகளும் முற்றத் தொகுக்கப்படின் தமிழ்ச் சொல்லாராய்ச்சிக்கும் பயன் விளையும்.

6. முடிபு

மேற்காட்டியவற்றால் பெறப்படுவன இவை. காதணியின் பழம்பெயர்களுள் தோடும் ஓலையும் பனையின் உறுப்புப் பெயர்கள். தெலுங்கும் கன்னடமும் இதற்குச் சான்று பகர்கின்றன. கல்மணியும் கண்ணாடி மணியும் சுடுமண்ணும் எளிய அணியின் பழமையை நிலைநிறுத்துகின்றன. கல்வெட்டு அணியை எண்ணியது. இல்லத்திற் கோத்த கையை எண்ணவில்லை. அக்கை இன்றும் தொழில் செய்கின்றது.

இனி ஆராய்ச்சி மாணவர்க்கு யாம் வேண்டுவது ஒன்றுண்டு. எல்லைப்புற ஊர்களில் மும்மொழியும் வழங்கும் முதியோர் இன்னும் உளர். அவர்தம் அணிப்பெயர்களும், கோக்கும் முறைகளின் பெயர்களும், மணிகளின் வகைப்பெயர்களும் ஊர்தோறும் சென்று எழுதிக்கொள்ளத் தக்கன. நிலம் வேகமாக உருமாறும் அப்பகுதியில் ஊரமைப்போடு பேச்சும் மாறிவருகின்றது. மண்ணில் புதைந்த மணியை நூற்றாண்டுகள் கழித்தும் அகழ்ந்தெடுக்கலாம். வாயினின்று வழக்கொழிந்த சொல்லை அகழ்ந்தெடுக்க இயலாது. அப்பணியை மேற்கொள்வார், சொல்லோடு அதனைச் சொன்னவர் செய்யும் தொழிலையும் தொழில் என்றே எழுதிவைப்பாராக.